இலையில் மிச்சமிருந்த சோறு

அம்மாடி,

நேற்று மத்தியானம் சாப்பாட்டுக் கூட்டம் வடிந்த பிறகு, கல்லாவைப் பூட்டிக்கொண்டே என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "அப்பா, கல்யாணத்துக்கு அப்புறம் நான் கடைக்கு வரட்டுமா, வேணாமா? நீங்க என்ன சொன்னாலும் சரி." நாளைக்கு முருங்கைக்காய் வாங்கலாமா என்று கேட்கிற அதே குரலில்தான் கேட்டாய். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். அப்பாவுக்கு விருப்பமில்லை போலிருக்கிறது என்று நினைத்திருப்பாய். அப்படி இல்லை. இப்படி ஒரு கேள்வியைக் கேட்கும்படி உன்னைக் கொண்டுவந்து நிறுத்தியவன் நான்தான் என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. இதையெல்லாம் நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. கோபம் வந்தால் தெருமுனை வரைக்கும் கேட்கிற குரல், மன்னிப்பு என்று வந்துவிட்டால் தொண்டையைத் தாண்டாது. உங்கம்மாவைக் கேட்டால் சொல்வாள். அதனால் எழுதுகிறேன். நீ படித்துவிட்டு, நம் கடைக்கு வருகிறவர்களும் படிக்கும்படி வைத்தாலும் எனக்குச் சம்மதம்தான். அவர்களிடமும் கொஞ்சம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது.

பூதலூர் ரயில் நிலையத்துக்கு எதிரே நாம் மெஸ் போட்டபோது நீ தவழ்ந்துகொண்டிருந்தாய். உங்கம்மா சமையல், நான் பரிமாறலும் கல்லாவும். மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் இட்லி தோசை, அவ்வளவுதான் கடை. ரயில்வே ஆட்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், தாலுகா ஆபீசுக்குப் பட்டா சிட்டாவுக்கு அலைகிற ஜனங்கள் எல்லாரும் நம் இலையில்தான் உட்கார்வார்கள். உங்கம்மாவின் வத்தக்குழம்புக்காகப் பக்கத்து ஊரிலிருந்து சைக்கிள் மிதித்து வந்தவர்கள் உண்டு. அரிசிக்குத் திருவையாற்றில் ஒரு கடை வைத்திருந்தேன். அந்தக் கடைக்காரர் ஒரு வருஷம் இருப்பு வைத்த பொன்னியைத்தான் எனக்கு அனுப்புவார். ஏன் பழசு என்று நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. சோறு உதிரி உதிரியாக வந்தது, ஜனங்கள் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள், கடை ஓடியது. நம் கெட்டிக்காரத்தனத்தில் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் நிலம் வாங்கினேன். ஆறு மா, ஏக்கர் கணக்கில் இரண்டு. நீ அப்போது சென்னையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாய். பத்திரம் முடிந்த அன்று உனக்குப் போன் போட்டுச் சர்வே நம்பரைப் படித்துக் காட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? என் அப்பாவும் அம்மாவும் ஆயுசு முழுக்க அடுத்தவர் வயலில் நட்டவர்கள், அறுத்தவர்கள். அவர்கள் வயிற்றில் பிறந்தவன் பெயரில் வாய்க்காலோரம் ஆறு மா. அந்தச் சம்பா அறுவடையில் வந்த முதல் நெல்லை நான் அரசாங்கக் கொள்முதலுக்குப் போடவில்லை. அவித்து அரைத்து நேராகக் கடைக்குக் கொண்டுவந்தேன். திருவையாற்றுக் கடைக்காரரிடம், "இனிமே நமக்கு அரிசி வேணாங்க, நம்ம வயல்லயே விளையுது" என்று சொன்னபோது நான் நின்ற நிற்பை நீ பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு கடைக்கு வருகிற ஒருத்தரையும் நான் விட்டுவைக்கவில்லை. சோறு போடும்போதே, "சாப்புடுங்க, நம்ம வயல் அரிசி" என்பேன். அவர்கள் ஒரு கவளம் வாயில் வைக்கும் வரை பக்கத்திலேயே நிற்பேன். நான் அப்படி நின்றால் மனுஷன் என்ன சொல்வான்? நல்லா இருக்குங்க என்றுதான் சொல்வான்.

அதன் பிறகு மூன்று வருஷத்தில் கடை கொஞ்சம் கொஞ்சமாகப் படுத்தது. எனக்குக் காரணத்துக்கா பஞ்சம்? புறவழிச்சாலை போட்டுவிட்டார்கள் என்றேன். தெருவுக்கு ஒரு பிரியாணிக் கடை வந்துவிட்டது என்றேன். ரயில் நேரத்தை மாற்றிவிட்டார்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் குழம்புச் சோறு இறங்கவில்லை, எதிர்க்கடைக்காரன் கண் வைத்துவிட்டான், எல்லாம் சொன்னேன். வழக்கமாக வருகிறவர்களும் சோற்றைப் பாதியில் நிறுத்தினார்கள். கேட்டால் "சுகர்ணே" என்பார்கள். ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் பத்துப் பதினைந்து வருஷமாக நம் கடையில் சாப்பிடுகிறவர், உனக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அவரும் ஒரு நாள் இரண்டாம் சோற்றுக்குக் கையை மறித்து, "சுகர் வந்துடுச்சுண்ணே" என்றார். ஊரில் இத்தனை பேருக்கு ஒரே வருஷத்தில் சர்க்கரை வியாதி வந்துவிட்டதே என்று நிஜமாகவே நான் கவலைப்பட்டேன். உங்கம்மாவிடம்கூடச் சொன்னேன். அவள் குனிந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

உங்கம்மா முட்டி ஆபரேஷனுக்காகத்தான் நீ லீவு போட்டு வந்தாய். வந்தவள் கடையைப் பார்த்தாய். மத்தியானம் ஒன்றரை மணிக்கு ஆறு மேஜையில் நான்கு காலி. ஒரு வாரம் பார்த்துவிட்டு, "வேலைய விட்டுட்டேன்ப்பா, கடையப் பார்ப்போம்" என்றாய். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், வெளியே கிண்டல். நீ முதலில் செய்ததெல்லாம் கிண்டலுக்குத் தோதாகவும் இருந்தது, கோபித்துக்கொள்ளாதே. சுவருக்குப் பச்சைப் பெயின்ட், சீரியல் பல்பு, லேமினேஷன் போட்ட மெனு கார்டு. சாயங்காலத்துக்குக் கோபி மஞ்சூரியன். "காலிபிளவருக்கு எதுக்குடி இந்த வேஷம்?" என்று கேட்டேன். முதல் நாள் இரண்டு பிளேட் போனது, அதில் ஒன்று உன் மாமா சாப்பிட்டது. அவரும் உன் முகத்துக்காகச் சாப்பிட்டார். நீ அன்று சமையலறை மூலையில் உட்கார்ந்து அழுததை உங்கம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். கிண்டலை அன்றோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை.

அதற்கப்புறம் நீ செய்த வேலைதான் நான் இருபத்தைந்து வருஷம் கடை நடத்தியும் செய்யாத வேலை. இலை எடுக்கிற செல்விக்குப் பக்கத்தில், கொல்லைப்பக்கம் எச்சில் இலை போடுகிற கூடையருகே, ஒரு வாரம் நின்றாய். ஒவ்வொரு இலையிலும் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்த்தாய். படித்த பிள்ளை இப்படி எச்சில் இலையைக் கிளறிக்கொண்டு நிற்கிறதே என்று எனக்கு அவமானமாக இருந்தது, திட்டினேன். நீ அசையவில்லை. குழம்பு மிச்சமில்லை, பொரியல் மிச்சமில்லை, அப்பளத்தில் ஒரு துணுக்கு மிச்சமில்லை. சோறு மட்டும் இருந்தது. சோற்றுப் பருக்கையைத் தரையில் சிந்தினால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஜில்லாவில், இலைக்கு இலை சோறு இருந்தது.

நீ என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் எப்படிக் குதிப்பேன் என்று தெரியும். ஒரு திங்கட்கிழமை காலையில் பழைய அரிசி ஒரு மூட்டை வாங்கி வந்து, உங்கம்மாவையும் செல்வியையும் கூட்டுச் சேர்த்து, அதையே வடித்துவிட்டாய். எனக்கு ஒன்றும் தெரியாமல் வழக்கம்போல "நம்ம வயல் அரிசி" என்று சொல்லிக்கொண்டே பரிமாறினேன். அன்றைக்கு அண்டா காலியாகி, இரண்டாவது உலை வைக்க வேண்டி வந்தது. நீ என்னைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூடைக்கு அழைத்துப் போனாய். எல்லா இலையும் வழித்துத் துடைத்த மாதிரி இருந்தது. உன் முகம் பூராவும் சிரிப்பு. "அப்பா, அரிசிதான். வேற ஒண்ணுமே இல்ல. புது அரிசி குழையுது, குழம்பு ஊத்துனா களியாயிடுது. அதான் யாருக்கும் இறங்கல" என்றாய்.

அந்த இடத்தில் நான் உன்னைத் தூக்கிக் கொண்டாடியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்பதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். முன்பக்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி கத்தினேன். "யாரக் கேட்டுடி வாங்குன? என் வயல் நெல்லு உனக்குக் களியா? கூலிக்கு அறுத்தவன் பேத்திக்கு நாக்கு அவ்ளோ நீண்டுபோச்சா? இது என் கடை. உன் கடை இல்ல. புடிக்கலன்னா மெட்ராசுக்கே போ." மறுநாள் காலை நானே நின்று நம் வயல் அரிசியை உலையில் போட வைத்தேன். மூன்றாம் நாள் நீ பையை எடுத்துக்கொண்டு ரயில் ஏறினாய். எதிரே இருக்கிற நிலையம்தான், ஆனால் நான் வழியனுப்ப வரவில்லை.

நீ போன பிறகு அந்த ஒரு மாதத்தில் ஒரு பழக்கம் என்னை அறியாமல் வந்துவிட்டது. கூடைப்பக்கம் போய் நிற்க ஆரம்பித்தேன். ஒரு நாள் தபால்காரர் சாப்பிட்டு எழுந்தார். இலையை ஒழுங்காகத் தன் பக்கம் மடித்து, மேலே டம்ளரை வேறு வைத்துவிட்டுப் போனார். செல்வி எடுத்து வந்ததும் பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு கை சோறு. எனக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று மூடி வைத்திருக்கிறார். கை கழுவிக்கொண்டிருந்தவரிடம் போய், "அண்ணே, உண்மையச் சொல்லுங்க, உங்களுக்குச் சுகர் இருக்கா?" என்று கேட்டேன். மனுஷன் தரையைப் பார்த்தார். "இல்லண்ணே. நம்ம வயல் அரிசின்னு நீங்க சொல்றப்ப உங்க மூஞ்சில ஒரு சந்தோஷம் வருது பாருங்க, அதக் கெடுக்க மனசு வரல" என்றார். வீட்டுக்குப் போய் உங்கம்மாவிடம் கேட்டேன். "எனக்கு மொத உலையிலயே தெரியும். நீங்க ஆசையா மூட்டைய எறக்குனீங்க, எப்புடிச் சொல்றது?" என்றாள். கடை மூடுகிற நிலைமைக்கு வந்தாலும் வரட்டும், என் மனசு நோகக் கூடாது என்று ஊரே கூடி எனக்குச் செல்லம் கொடுத்திருக்கிறது. உண்மையைச் செய்து காட்டியவள் நீ ஒருத்திதான், உன்னைத்தான் நான் ரயில் ஏற்றினேன்.

ஏன் எனக்குத் தெரியவில்லை என்று அந்த நாட்களில் யோசித்துக்கொண்டே இருந்தேன். தினமும் அதே சோற்றைத்தான் நானும் தின்றேன், எனக்கு அமிர்தமாக இருந்தது. பிறகுதான் புரிந்தது. நான் பிறந்த வீட்டில் புது அரிசிதான் விருந்து. அறுப்பு முடிந்து கூலி நெல் வந்த அன்றைக்கே அவித்து, குத்தி, உலையில் போட்டுவிடுவார்கள். அது குழைந்து, கஞ்சியோடு ஒட்டிக்கொண்டு, ஒரு வாசனையோடு இருக்கும். வருஷத்தில் சில நாட்கள்தான் வயிறு நிறைய அந்தச் சோறு. அதைப் பழசாக்க எங்களுக்கு இடமும் கிடையாது, பொறுமையும் கிடையாது, பசிதான் இருந்தது. பழைய அரிசி தின்றவர்கள் நெல்லை ஒரு வருஷம் வைத்துக் காத்திருக்க முடிந்தவர்கள். என் நாக்கு அந்தப் பழைய பசியிலேயே நின்றுவிட்டது. அது ஒன்றும் வெட்கப்பட வேண்டிய நாக்கு இல்லை. ஆனால் அந்த நாக்கின் ருசியை ஊர்க்காரர்கள் தலையில் கட்டினேன் பார், அது தப்பு. சாப்பிட வருகிறவனுக்கு நம் பெருமை எதற்கு? அவனுக்கு நல்ல சோறு வேண்டும்.

திருவையாற்றுக்குப் போனேன். "என்னண்ணே, வயல்ல அரிசி விளையலியா?" என்று கடைக்காரர் கேட்டார். கேட்கட்டும், கேட்கும்படிதானே நடந்துகொண்டேன். மூட்டையை வண்டியில் ஏற்றிவிட்டு உனக்குப் போன் செய்தேன். அப்போதும் உண்மை வரவில்லை. "உங்கம்மாவுக்கு மறுபடியும் முட்டி வலி, வந்து பாரு" என்று ஒரு பொய்யைச் சொன்னேன். மறுநாள் காலை வந்துவிட்டாய். உங்கம்மா நடையாக நடந்து கடை உலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மூலையில் அரிசி மூட்டை இருந்தது. இரண்டையும் பார்த்தாய், முந்தானையைச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினாய். நான் மன்னிப்புக் கேட்கவில்லை, மூட்டையே கேட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். நம் வயல் நெல்லைச் சாக்கில் கட்டி ஒரு வருஷம் வைக்க மாடியில் ஒரு கொட்டகை போட்டாய். மெனு கார்டைக் கிழித்துவிட்டு வத்தக்குழம்பைத் திரும்பவும் முன்னால் கொண்டுவந்தாய். மத்தியானத்தில் இப்போது உட்கார இடம் கேட்டு நிற்கிறார்கள். சாயங்காலம் இன்னும் மந்தம்தான், அதையும் ஒத்துக்கொள்கிறேன். தபால்காரர் மூன்றாம் சோறு வாங்கிய அன்றைக்கு, "என்னண்ணே, சுகர் எங்க போச்சு?" என்று கேட்டேன். "உங்க பொண்ணு வைத்தியம்" என்றார். கடையே சிரித்தது.

ஆனால் திரும்பி வந்த நாளிலிருந்து நீ மாறிவிட்டாய், அதை நான் தப்பாகப் படித்துக்கொண்டேன். எதற்கெடுத்தாலும் என்னைக் கேட்டாய். புளி மாற்றலாமா, மின்விசிறி வாங்கலாமா, செல்விக்கு ஒரு நாள் லீவு விடலாமா, பாயசத்துக்குச் சேமியாவா ஜவ்வரிசியா. எனக்கு அது குளுகுளுவென்று இருந்தது. பெண் நமக்கு எவ்வளவு மரியாதை கொடுக்கிறது என்று நாலு பேரிடம் பீற்றிக்கொண்டேன். ஒன்றரை வருஷம், அம்மாடி. நேற்று நீ அந்தக் கேள்வியைக் கேட்டபோதுதான் தெரிந்தது, அது மரியாதை இல்லை. அடி வாங்கிய இடத்தை மறுபடி அடி படாமல் காப்பாற்றிக்கொள்கிற பழக்கம். இது உன் கடை இல்லை என்று அன்றைக்கு நான் சொன்னதை நீ ஒரு நாளும் மறக்கவில்லை. மறக்காமலேயே அந்தக் கடையை நிமிர்த்தியும் கொடுத்தாய். நான் செய்தது பெரிய தப்பு. என்னை மன்னித்துக்கொள். இதைச் சொல்ல எனக்கு இவ்வளவு நாளாகியிருக்கிறது, அதற்கும் சேர்த்து மன்னித்துக்கொள்.

கல்யாணம் ஆகிப் போகிற பெண்ணுக்கு அப்பா ஏதாவது புத்தி சொல்ல வேண்டுமாம். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். மாப்பிள்ளை தங்கமான பையன், தஞ்சாவூரில் அவர் வேலை, அங்கேதான் குடித்தனம், எல்லாம் சரி. ஆனால் அவர் சமைத்ததை நீயும், நீ சமைத்ததை அவரும், நல்லா இருக்கு என்று வாய்க்கு வாய் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். எங்கள் வீட்டில் உங்கம்மா என் மனசு நோகாமல் பார்த்துக்கொண்டதில் மூன்று வருஷம் போய்விட்டது. பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சாந்தமாகச் சொல்கிற வீடாக உன் வீடு இருக்கட்டும். உன் கோபம் என் கோபம் மாதிரி கிடையாது, உனக்கு அது முடியும். இன்னொன்று, யாராவது உன்னிடம் உண்மையைச் செய்து காட்டினால் அவர் முகத்தைப் பார்த்து முதலில் சிரி. கோபத்தை அப்புறம் வேண்டுமானால் பட்டுக்கொள்.

இன்று காலை நானும் உங்கம்மாவும் கீழ்வேளூரில் சம்பந்தி வீட்டுக்குப் போனோம், உனக்குத் தெரியும், முகூர்த்தப் புடவை விஷயமாகத்தான். காபி குடித்துக்கொண்டிருக்கும்போது சம்பந்தி மெல்ல ஆரம்பித்தார். அவர் வீட்டு ஆட்கள் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். "கேக்குறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. கல்யாணத்துக்கு அப்புறமும் மருமக உங்க கடைக்கு வந்து கல்லாவுல உக்காருமா? நீங்க அனுப்பச் சொல்லுவீங்களா?" என்றார். உங்கம்மா என் முகத்தையே பார்த்தாள். நான் எங்கே கத்திவிடுவேனோ என்று பயம். நான் டம்ளரைக் கீழே வைத்தேன். "அது என் கடை இல்லைங்க, உங்க மருமக கடை. வருமா வராதான்னு அதத்தான் கேக்கணும். நான் அங்க பரிமாற இருக்கேன், அவ்ளோதான்" என்றேன். அத்தனை பேர் நடுவில் சொன்னேன், அன்றைக்கு அத்தனை பேர் நடுவில் கத்தியதற்கு. சம்பந்தி, "அப்ப உங்களுக்கு வேலை நெலைக்குமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். "அதயும் உங்க மருமகளத்தான் கேக்கணும்" என்றேன்.

ஆக, உன் கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. கேட்க வேண்டிய ஆள் நான் இல்லை. கடையை நடத்துவாயோ, யாரிடமாவது விடுவாயோ, மூடுவாயோ, உன் இஷ்டம். நடத்துவதாக இருந்தால் கல்யாணம் முடிந்த மறுவாரம் காலையில் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சொல், நான் வந்துவிடுகிறேன்.

உன் அப்பா